கு-வில் ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. திருவாதிரை. ‘கு’வில் பெயர் வைக்கச் சொல்லிவிட்டார் ஜோசியர். அப்பா உடனே “அதான் உங்க தாத்தா பேரு இருக்கே, குப்புசாமி” என்கிறார். மனைவி காதைப் பொத்திக்கொள்கிறாள். இணையப் பட்டியல்களில் ‘குணால் - தாமரை’ என்று போட்டிருக்கிறது. வைக்கலாமா? யாரும் வைக்காத, அர்த்தமுள்ள பெயர் வேறு ஏதாவது உண்டா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தைக்கு என் ஆசிகள். முதலில் குணாலை முடித்துவிடுவோம். அது அசோகரின் மகன் பெயர். இமயமலைப் பக்கத்துப் பறவை ஒன்றின் கண்ணைப் போல அழகான கண் என்பதால் வைத்தார்கள் என்கிறது பௌத்தக் கதை. அதே கதையில், சிற்றன்னை திஷ்யரட்சிதையின் சூழ்ச்சியால் அந்தக் கண்களையே பிடுங்கிவிடுகிறார்கள். பட்டியல் போட்டவர் தாமரையோடு நிறுத்திக்கொண்டார். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்து வையுங்கள்.

உங்கள் மனைவி காதைப் பொத்திக்கொள்ளும் பெயருக்கு வருகிறேன். என் பாட்டியின் தம்பி பெயர் குப்பன். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று தங்கவில்லை. இவர் பிறந்ததும் கொள்ளுப்பாட்டி முறத்தில் பழந்துணி விரித்து, பிள்ளையைக் கிடத்தி, தெருக்கோடிக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாளாம். பக்கத்து வீட்டம்மா, முன்னமே பேசி வைத்தபடி, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையைக் கண்டெடுத்த மாதிரி தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் வாசலில் போய் நின்று, ஒரு படி தவிட்டைக் கொடுத்து, தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கினாள் கொள்ளுப்பாட்டி. “எமன் வந்து பாத்தா, இது குப்ப, தவுட்டுக்கு வாங்குனது, இத்த இன்னாத்துக்குத் தூக்கினு போணும்னு போய்டுவான்டா” என்பாள் பாட்டி. எமன் ஏமாந்தானோ என்னவோ, குப்பன் தாத்தா எண்பதைத் தாண்டி இருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார்தான் மரியாதைக்கு ஒரு ‘சாமி’ சேர்த்துக் குப்புசாமி ஆக்கியது. பிச்சை, மூக்கன் எல்லாம் இதே வகையறா. ஆந்திரத்தில் பெண்டையா என்று வைப்பார்கள். பெண்ட என்றால் சாணம்.

விநோதமான பெயர்களுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. உங்களுக்குப் பக்கத்து ராயபுரத்தில் படகுக்காரர்கள் கட்டிய இராயப்பர் கோயில் இருக்கிறது. இராயப்பர் வேறு யாருமில்லை, பீட்டர். கிரேக்கத்தில் பெத்ரோஸ் என்றால் கல். தெலுங்கில் கல்லுக்கு ராயி. அந்த வழியில் வந்த பெயர் என்பார்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவன், ஆகவே சின்னப்பன். (காசிமேட்டில் ஒருவரை எல்லோரும் ‘சின்னப்பா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, ஊருக்கே சித்தப்பா போலிருக்கிறது என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன்.) யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பன். மொழிபெயர்க்காமல் விட்ட பெயர்களில் ஒன்று சவேரியார், அதாவது பிரான்சிஸ் சேவியர். அது ஸ்பெயினின் நவார் பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் ‘புது வீடு’. ஆயுள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்த ஒரு சவரிமுத்துவை எனக்குத் தெரியும். இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

ஆலைப் பக்கம் போனால் லெனின், ஸ்டாலின். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய ஊர் இது, வராமல் எப்படி இருக்கும்? ஸ்டாலின் என்றால் எஃகு மனிதன். கலைஞரின் மகன் பிறந்தது 1953 மார்ச் 1, ரஷ்ய ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. கொங்கணத்து ஆம்படவே என்ற கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது அம்பேத்கர். வியாசர்பாடியில் அதுவே பிள்ளைகளின் முதற்பெயர். அங்கே கால்பந்துப் பித்தும் உண்டு என்பதால் மரடோனாக்களும் உண்டு.

‘கு’ தானே வேண்டும்? குமணன் இருக்கிறது. நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தபோது, பாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல், தன் தலையைக் கொண்டுபோய்த் தம்பியிடம் பரிசு வாங்கிக்கொள் என்று வாளை நீட்டியவன். புறநானூற்றில் இருக்கிறான், உங்கள் குடியிருப்பில் இருக்க மாட்டான். குகனும் நல்ல பெயர்தான், ஓடக்காரன், நம் கரைக்குப் பொருத்தம். ஆனால் அது அபூர்வமில்லை.

அவசரம் வேண்டாம். பெயரில்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தாவுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும்.