அவசர அனுமதி: யாருக்கு, எவ்வளவு நேரம்?

கேள்வி: எங்கள் புரோகிராமர்களுக்கு நேரடிப் பயன்பாட்டில் உள்ள சர்வருக்குள் நுழைய அனுமதி இல்லை. இரவில் பில்லிங் நின்றுவிட்டால் அட்மின் பாஸ்வேர்டைத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். ஆடிட்டர் கண்டிக்கிறார். நிரந்தர அனுமதியே கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் அந்தப் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். பலர் அறிந்த பாஸ்வேர்டில் தவறு நடந்தால் பதிவேட்டில் ‘அட்மின்’ என்று மட்டுமே இருக்கும். சந்தேகம் எல்லோர் மீதும் விழும். தூக்கத்தைவிட்டு எழுந்து வந்து உதவியவருக்கு நாம் செய்யும் அநீதி அது.

ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே ஓர் அவசரக் கணக்கு வையுங்கள். சாதாரண நாட்களில் அது பூட்டியே இருக்கட்டும். கோளாறு எண்ணையும் காரணத்தையும் பதிந்து, ஒப்புதல் கிடைத்தால் திறக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஒப்புதல் தருபவர் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதற்காக வேலை நிற்கக்கூடாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கணக்கு திறக்கட்டும், ஆனால் அந்தச் செய்தி மேலாளர் வரை உடனே போகட்டும். அடிக்கும் கட்டளைகள், உள்ளே நுழைந்தவரின் கை எட்டாத வேறொரு கணினியில் பதிவாக வேண்டும்.

பல கோளாறுகளுக்கு, சர்வர் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைப் படித்தாலே விடை கிடைத்துவிடும். ஆகவே முதலில் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். தரவைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், திருத்தத்துக்கான அதே நிபந்தனையோடு முதலில் ‘செலக்ட்’ (தரவைக் காட்ட மட்டும் செய்யும் கட்டளை) ஓட்டி எத்தனை வரிகள் வருகின்றன என்று பார்க்கட்டும். பிறகு, கடைசியில் உறுதிசெய்யவோ ரத்துசெய்யவோ முடிகிற டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி ‘அப்டேட்’ (திருத்தும் கட்டளை). எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் ‘கமிட்’ (உறுதிசெய்யும் கட்டளை). நிபந்தனையைச் சொல்லும் ‘வேர்’ (where) பகுதி விடுபட்டால் அட்டவணை முழுவதும் மாறிவிடும்.

இன்னொருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவசியம். 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவை அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரத் தரவு மீளவே இல்லை. திறமைசாலிக்கும் நள்ளிரவில் இப்படி நேரும்.

அவசரக் கணக்கு திறந்த மறுநாள், கட்டளைகளின் பதிவை மேலாளரும் இன்னொரு புரோகிராமரும் வரிவரியாகப் படிக்க வேண்டும். இரவில் செய்த திருத்தம் மூல நிரலிலும் சேர்ந்துவிட்டதா என்று அப்போதே பாருங்கள். சேராவிட்டால் அடுத்த வெளியீட்டில் பழைய பிழை திரும்பி வரும்.

இந்த நடைமுறையை எழுதி, அடுத்த தணிக்கைக்கு முன்பே ஆடிட்டரிடம் கொடுங்கள். யார், எப்போது, ஏன் நுழைந்தார், அதை யார் சரிபார்த்தார் என்பதற்குத்தான் அவர் ஆதாரம் கேட்கிறார்.