தொங்கும் மொபைல் சிற்பம்: எதற்காக இந்த விலை?

கேள்வி: வரவேற்பறையில் தொங்கவிடுவதற்காக, எளிய வடிவில் அமைந்த மொபைல் சிற்பம் (கம்பிகளில் தகடுகள் தொங்கி, காற்றில் அசைந்து சுழலும் சிற்பம்) ஒன்றை இணையத்தில் தேடினேன். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டில் ஒன்றின் விலை 1,800 ரூபாய், மற்றொன்றின் விலை 14,000 ரூபாய். இரண்டையுமே 'கால்டர் பாணி' என்று விற்கிறார்கள். ஐந்தாறு தகடுகளுக்கும் கம்பிக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்குமா?

பதில்: தகட்டுக்கும் கம்பிக்கும் இருக்காது, சமநிலைக்கு இருக்கலாம். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) இயந்திரப் பொறியியல் படித்தவர் என்பது அவருடைய மொபைல்களைப் பார்த்தாலே விளங்கும். 100 கிராம் தகடு தொங்குபுள்ளியிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தால், மறுபுறம் 50 கிராம் தகடு 20 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும், கம்பியின் எடையையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கீழ்க்கம்பியை முதலில் சமநிலையில் நிறுத்திவிட்டு, அதை மொத்தமாக மேற்கம்பியின் ஒரு முனையில் மாட்டி மறுபடியும் சமன் பார்த்துக்கொண்டே மேலேறுவதால், அடியில் உள்ள ஒரு தகட்டின் எடை சற்று மாறினாலும் அதற்கு மேலுள்ள கம்பிகள் யாவும் சாய்ந்துவிடும். கைவேலைக்குக் கூலி கூடுவது இதனால்தான்.

ஆனால் விலை கூடியதாலேயே சமநிலை வந்துவிடாது. 1954-இல் தொடங்கப்பட்ட டென்மார்க்கின் ஃப்ளென்ஸ்டெட் நிறுவனம், வெறும் அட்டையிலேயே நேர்த்தியான மொபைல்களைச் செய்து காட்டியிருக்கிறது. ஆகவே, விற்பவரிடம் வெட்டி ஒட்டாத காணொளி ஒன்றைக் கேளுங்கள். மேற்கம்பியின் முனையை இலேசாகத் தள்ளிவிட்டால், ஒவ்வொரு கம்பியும் தன்போக்கில், ஒன்றையொன்று இடிக்காமல் சுழன்று, விளம்பரப் படத்தில் உள்ள அதே சாய்வுக்குத் திரும்ப வேண்டும். மேல்கொக்கி தடையின்றிச் சுழல்கிறதா என்பதையும் பாருங்கள்; அது இறுகியிருந்தால் நைலான் நரம்பு முறுக்கேறிச் சிற்பம் பின்னோக்கிச் சுற்றும். இந்தக் காணொளியைத் தர மறுப்பவரிடம் 1,800 ரூபாய்க்கும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

'பாணி' என்று விற்பதில் தவறில்லை. கால்டரின் குறிப்பிட்ட படைப்பொன்றின் நகல் என்று விற்றால் உரிமம் உண்டா என்று கேளுங்கள், ஏனெனில் இந்தியச் சட்டப்படி அவருடைய பதிப்புரிமை 2036 முடியும்வரை நீடிக்கிறது.

வாங்குமுன், சிற்பம் சுழலும் வட்டத்தின் முழு விட்டத்தையும் எழுத்தில் பெற்று, அந்த வட்டம் மின்விசிறியின் காற்று நேராக வீசும் இடத்துக்குள் வராதபடி கொக்கிக்கு இடம் பாருங்கள். எடை குறைவுதானே என்று ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் கொக்கியைத் திருகிவிடாமல், அதற்கு மேலுள்ள கான்கிரீட்டிலோ உலோகச் சட்டத்திலோ பொருத்தச் சொல்லுங்கள். வழியில் வளைந்த கம்பியை மாற்றித்தர விற்பவர் தயங்கக்கூடும் என்பதால், பெட்டியைப் பிரிக்கும்போதே படம்பிடித்துக்கொள்வது நல்லது.