புதுச்சேரிக்குக் குடிவந்தால் படிக்கவும் பழகவும் என்ன இருக்கிறது? அந்தப் பிரெஞ்சுக் கலாச்சாரம் நிஜமா, சுற்றுலாவுக்கா?

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல நூலகம் உண்டா, அக்கம்பக்கம் ஒட்டுமா, ‘பிரெஞ்சு’ என்பதெல்லாம் வெறும் பெயர்ப்பலகையா என்று மூன்று கேள்விகள். நான் விழுப்புரத்துக்காரன். இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மூன்றுக்கும் எனக்கு விடை கிடைத்தது ஒரே இடத்தில்தான்: நூலகத்தில் செய்தித்தாள் படிக்கும் மேசையில்.

படங்களில் நீங்கள் பார்க்கும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடல்வரைக்கும் உள்ள சில வீதிகள். அங்கே குடியிருக்க நம் சம்பளம் போதாது, போதவும் வேண்டாம். ஊர் வாய்க்காலுக்கு மேற்கேதான் இருக்கிறது. வந்த புதிதில் கடற்கரை ஓரத்துக் குபேர் சாலை ஏதோ செல்வத்துக்கு அதிபதியான குபேரன் பெயரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது எதுவார் குபேர் என்ற அரசியல்வாதியின் பெயர். முதலமைச்சராகவும் இருந்தவர். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். இந்த ஊரில் பிரெஞ்சு இப்படித்தான், தமிழ் மாதிரியே காதில் விழும்.

சரி, நூலகம். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ரோமன் ரோலண்ட் நூலகம். 1827இல் ஆளுநர் ரிஷ்மோன் காலத்தில் தொடங்கியது. அந்த மனிதர் பதவியில் இருந்ததே இரண்டு வருடம் சொச்சம். அதற்குள் இந்த நூலகம், இன்றைக்கும் நடக்கிற பிரெஞ்சுப் பள்ளியான லிசே, தாவரவியல் பூங்கா எல்லாவற்றுக்கும் விதை போட்டுவிட்டுப் போய்விட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்டின் பெயரை நூலகத்துக்குப் பிற்காலத்தில்தான் வைத்தார்கள். 1915ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பெற்றவர். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் மூவரைப் பற்றியும் புத்தகம் எழுதியவர். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. காந்திதான் 1931இல் லண்டன் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில் அவரைப் போய்ப் பார்த்தார்.

உள்ளே போனால் பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், கூட்டம் எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமானால் சீக்கிரம் போக வேண்டும். செய்தித்தாள் மேசை மட்டும் வயசாளிகள் ராஜ்ஜியம். அங்கேதான் எனக்கு ஒரு தாத்தா பழக்கமானார். தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம்வரை விடாமல் படிப்பார். முடித்ததும் மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, “தம்பி, ஒண்ணும் இல்ல, நீங்களே பாருங்க” என்பார்.

அவர் ஒரு சொல்தா. இந்தச் சொல்லை நீங்கள் வந்த வாரமே கேட்பீர்கள். பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள். இங்கே பிரான்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிற தமிழர்களுக்கு அதுதான் பெயர். 1954 நவம்பர் 1இல் ஊர் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தாலும், அதற்கான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களும் பிள்ளைகளும்தான் இன்றைக்கும் பிரான்சு அதிபர் தேர்தலுக்கு இங்கே வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறவர்கள். வேட்டி கட்டிக்கொண்டு போய் பாரிசுக்கு ஓட்டுப் போடும் காட்சியை ஒரு தடவையாவது பாருங்கள்.

தாத்தா அல்ஜீரியாவில் இருந்தவர். பேசுகிற பிரெஞ்சு முழுக்க முகாமில் காதால் கற்றது, எழுத்து வராது. ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று அனுப்ப வேண்டும். அதைப் பற்றிய கடிதம் வந்தால் பதறிப்போவார். என் மகள் அப்போது அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள் (சும்மா சொல்லக்கூடாது, 1889இலிருந்து நடக்கிற இடம்). ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடிதத்தைப் படித்துச் சொல்வாள், அவர் அவளுடைய உச்சரிப்பைத் திருத்துவார். கூடவே நாலு புதுச் சொல்லும் சொல்லித் தருவார். அதில் இரண்டை வகுப்பில் சொன்னபோது டீச்சர் வெளியே நிற்க வைத்துவிட்டார். எல்லாம் முகாம் வசவுகள்! பலகாரத் தட்டோடு சமாதானம் பேச வந்த அவர் மனைவிதான் இன்று வரை என் வீட்டுக்காரிக்குப் பெரியம்மா.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: இங்கே பிரெஞ்சு என்பது சுவரில் இல்லை, கடிதத்தில், ஓய்வூதியத்தில், ஓட்டில் இருக்கிறது. இன்னொன்று, எல்லோரும் அங்கிருந்து இங்கே வந்ததையே பேசுகிறார்கள். இங்கிருந்து அங்கே போன படிப்பும் கம்மி இல்லை. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார்கள். அதுவும், தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்தில் இருப்பதும் சேர்ந்து சுமார் 11,000 சுவடிகள். 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்த வேலை வெள்ளைக்காரர் மட்டும் செய்ததில்லை. நம் பண்டிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னார்கள். தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் இங்கிருந்துதான் வந்தது, பிரெஞ்சுத் தமிழறிஞர் பிரான்சுவா குரோவின் பங்கும் அதில் உண்டு. பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்த அதே குரோதான். அந்த ஆய்வு நிறுவனத்தின் நூலக வாசிப்பறையில் உட்கார நாம் ஆய்வாளராக இருக்க வேண்டுமோ என்று நான் பல வருடம் தயங்கியே நின்றேன். அது என் தப்பு. நீங்கள் போய்க் கேளுங்கள்.

அக்கம்பக்கம் ஒட்ட வேண்டுமானால் திருவிழாவுக்குப் போங்கள். மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடித்த தேர் அது. இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். ஆட்சி மாறினாலும் வடம் அதே வடம். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14க்கு முந்தின சாயங்காலம் விளக்கு ஏந்திய ஊர்வலம் ஒன்று போகும். பதக்கங்களைக் குத்திக்கொண்டு தாத்தாவும் நடந்தார், போன வருடம் மட்டும் வரவில்லை. முழங்கால். ஆரோவில் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள், எனக்குப் பழக்கமில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். சனி ஞாயிறு ஊர் நம்முடையது இல்லை. வெளியூர் வண்டிகள் நிறைந்துவிடும், கடற்கரைக்கு நாங்கள் வார நாளில்தான் போவோம். அப்புறம் ஒரு கிளை நூலகத்தில் உறுப்பினராக என்னை மூன்று முறை அலைய விட்டார்கள். முதலில் முகவரிச் சான்று, அப்புறம் அரசு ஊழியர் ஒருவரின் ஜாமீன் கையெழுத்து, அப்புறம் விண்ணப்பப் படிவமே தீர்ந்துபோயிற்று. கையெழுத்துக்காகத்தான் எதிர்வீட்டு ஆசிரியரிடம் முதன்முதலாகப் பேசினேன். கையெழுத்துப் போட்டவர், என் பேரில் எடுக்கிற புத்தகங்களை அவரும் படிக்கலாம் என்று நிபந்தனை போட்டார். இன்றைக்கும் என் அட்டையில் பாதிப் புத்தகம் அவருடையதுதான்.

ஒரு விஷயம், சொந்தப் புத்தகங்கள் நிறைய இருந்தால் அலமாரியைக் கடல் பக்கத்துச் சுவரில் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் இரண்டே மழைக்காலத்தில் தாள் பழுத்து என் பழைய பத்திரிகைத் தொகுப்பு ஒன்று போயே போய்விட்டது. உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். தட்டுக்கு ஒரு துண்டு வசம்பு. பெரிய மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.