180 ஜிபி படங்கள், ஒரே பென்டிரைவ்: சுங்கை சிப்புட் அக்காவுக்கு

வணக்கம் அக்கா. உங்கள் 180 ஜிபி படங்களும் இருக்கும் ஒரே பென்டிரைவ் சில சமயம் திறக்கவில்லை, படங்களை எப்படிக் காப்பது என்கிறீர்கள். ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதில் புதிதாக எதையும் ஏற்றவும் வேண்டாம்.

1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். படங்களை இரண்டிலும் ஏற்றுங்கள்; 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். பாதியில் கரண்ட் போனாலும் மூலப்படம் அப்படியே இருக்கும். முடிந்ததும் கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், இருபது படங்களைத் திறந்தும் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு டிஸ்க்கை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள், தோட்டத்து வீட்டு ஈரம் பொல்லாதது. மற்றது ஈப்போவில் உங்கள் தங்கச்சி வீட்டில் இருக்கட்டும். இடி இடிக்கும்போது டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

கூகுள் போட்டோஸின் இலவச 15 ஜிபி உங்களுக்குப் பத்தாது. பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால் மேகக்கணியிலும் (கூகுளின் இணையச் சேமிப்பிலும்) அழிந்துவிடும், கவனம்.