தூரிகைப் பெட்டி: வாசகர் கேள்வி, ஓவியர் பதில்

கேள்வி: ஏற்காட்டில் பார்த்த காட்டெருமையை முட்டை டெம்பராவில் (வண்ணப் பொடியை முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்து) வரைகிறேன். வண்ணம் உடனே காய்ந்துவிடுகிறது. வாட்டர் கலர் மாதிரி கலைத்துவிட முடியவில்லை. ரோமத்தை எப்படிக் கொண்டுவருவது?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: ரோமத்துக்கு அந்த வேகந்தானே வசதி! கலைக்கப் பார்க்காதீர்கள், கோடு இழுங்கள். முதலில் உடம்பு முழுக்கச் செங்காவியை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. காய்ந்ததும் இரண்டாம் நம்பர் பிரஷ்ஷை வண்ணத்தில் நனைத்து, துணியில் ஒற்றிவிட்டு, முடி சாயும் திசையிலேயே மெல்லிசாக இழுத்துக்கொண்டே போங்கள். ஈரம் மிஞ்சினால் அடிப்பூச்சு பெயர்ந்து வந்துவிடும். கறுப்பை அப்படியே வைக்காதீர்கள். அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் சேருங்கள். கோடுகளுக்கு நடுவே அடியில் உள்ள காவி எட்டிப் பார்க்கும்போதுதான் அந்த முதுகு வெயிலில் மினுங்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளைக்கு மஞ்சள் காவி அடியில் இருக்கட்டும். வெறும் வெள்ளை பூசினால் பள்ளிக்கூட சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்!

அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையத் 1948-ல் வரைந்த 'கிறிஸ்டினாவின் உலகம்' முட்டை டெம்பராதான். அந்தப் புல்வெளியைப் பெரிதாக்கிப் பாருங்கள், எல்லாம் கோடு.

கேள்வி: நாமக்கல் முட்டை போதுமா, நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டுமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: நாமக்கல்லே போதும். இளம் முகங்களுக்கு வெளிறிய கரு, வயதான கறுத்த முகங்களுக்குச் சிவந்த கரு என்று 1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதினார். ஆனால் கருவின் மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். முட்டை புதிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். வெள்ளைக்கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி ஈரம் போக்குங்கள். அப்புறம் சவ்வை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியால் குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் இறங்கும். அதே அளவு தண்ணீர் சேருங்கள். பழைய முட்டையில் சவ்வு கையிலேயே கிழிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் சாக் ஹில்ஸ் வெள்ளைக்கல்லைப் பொடித்து, டெம்பரா வரையும் பலகைக்கு அடித்தளம் பூசலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: பெயரை நம்பாதீர்கள்! அது சாக் இல்லை, மேக்னசைட். உலைக்களச் செங்கலுக்குப் போகிற கல். கடையில் சாக் பவுடர் வாங்கி, தச்சர்கள் வைத்திருக்கும் வச்சிரப் பசையில் கலந்து, பலகையில் பூசுங்கள். பசையைக் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும், சூடு காட்டினால் போதும். துணி கேன்வாஸ் வேண்டாம். வளைந்தால் டெம்பரா வெடிக்கும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் வரைந்தால், புதுப் படத்தை ஈரச் சுவரில் மாட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.