செகண்ட் ஹேண்ட் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையா?

கேள்வி: 2019 மாடல் வேகன் ஆர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பெட்ரோல், மேனுவல் கியர், 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது, சென்னைப் பதிவு எண். பேசிப் பேசி விலை 4 லட்சத்து 10 ஆயிரத்தில் நிற்கிறது. இன்னும் 18,000 கட்டினால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டி தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கட்டிவிடலாம் என்கிறார் கணவர். முப்பது வருடம் லாரி ஓட்டிய மாமனாரோ, "வாரண்டியே ஏமாத்து வேலை" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இந்த வண்டிக்கு வேண்டாம். முடிவு உங்கள் மாமனார் சொன்னதுதான், ஆனால் அவர் சொன்ன காரணம் முழுக்கச் சரியில்லை. வாரண்டி எல்லாமே ஏமாற்று இல்லை. எந்த வண்டிக்கு, யார் தருகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். 2019-ல் மாருதி புது வண்டிக்குத் தந்த வாரண்டி 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. அதைக் காசு கட்டி ஐந்து வருடம் வரை நீட்டிக்க முடிந்தது, அவ்வளவுதான். இந்த வண்டிக்கு அந்தக் காலமும் முடிந்துவிட்டது. ஆகவே உங்களிடம் விற்கப் பார்ப்பது கம்பெனி வாரண்டி இல்லை. கடைக்காரரோ, அவர் கமிஷனுக்கு விற்றுத் தரும் வேறொரு நிறுவனமோ தருவது. காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது, ரிப்பேர் என்று வந்தால் திருச்சியில் எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். "எங்க சென்னை ஆபீஸுக்கு போன் பண்ணுங்க" என்று பதில் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஒப்பந்தத்தில் 'இவை சேராது' என்றிருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஐம்பதாயிரம் தாண்டிய வேகன் ஆரில் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் செலவு வைக்கப்போவதும் இவைதான். கூடவே ஏசி கூலிங் காயில் கசியலாம். இன்ஜினோ சின்ன பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் நீண்ட நாள் உழைக்கும் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டியாக இருந்தால் இந்த வயதில் அது பெரிதாகப் படுத்தாது. மேனுவல் கியர்பாக்ஸும் அப்படித்தான். கெட்டுப்போக வாய்ப்பு குறைவான இரண்டுக்கு மட்டும் 18,000 கேட்கிறார்கள்.

அந்த இரண்டில் ஏதாவது கோளாறு வந்தாலும் பணம் உடனே வந்துவிடாது. ஆரம்பத்தில் சில நாள் கிளெய்ம் பண்ண முடியாது என்று இருக்கும். மொத்தமாக இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு வரம்பு இருக்கும். சர்வீஸ் ஒன்று தவறினாலும் செல்லாது என்பார்கள். "வாங்கும்போதே இருந்த பழுது" என்று சொல்லிக் கைவிரிக்கவும் இடம் உண்டு. முன் அனுமதி வாங்காமல் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துவிட்டால் கதை முடிந்தது.

இதே கேள்வியை டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர் உள்ள ஃபோக்ஸ்வேகனுக்கோ ஸ்கோடாவுக்கோ கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதில் கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு லட்ச ரூபாய்க் கணக்கில் வரும். அந்த மாதிரி வண்டியில் கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்னும் மிச்சமிருந்து, அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்கள் என்றால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அந்த வண்டியையே எடுங்கள் என்பேன்.

சரி, 18,000-ஐ என்ன செய்வது? அதில் சிறு பங்கை, கடைக்காரருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்குக் கொடுத்து வண்டியை முழுசாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மாமனாரையும் கூட அழைத்துப் போங்கள்; இன்ஜின் சத்தத்தை அவர் காது கண்டுபிடித்துவிடும். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது முக்கியம். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் பல குறைகள் தெரியாது. வண்டி எண்ணை வைத்து மாருதி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் விசாரியுங்கள். 52,000 உண்மையா, மீட்டரில் கை வைத்திருக்கிறார்களா என்பது அங்கே தெரிய வாய்ப்புண்டு.

சென்னை வண்டி என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, காலடியில் விரித்த ஃப்ளோர் மேட்டைத் தூக்கினால் ஈர வாடை, இதெல்லாம் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வெள்ளத்தால் வரும் கோளாறை எந்த வாரண்டியும் ஏற்காது.

மிச்சப் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். கிளட்ச், டயர், ஏசி எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துச் செலவழிக்கலாம். கடைக்காரரிடம், "வாரண்டி வேண்டாம், முதல் மாதத்தில் இன்ஜின், கியர்பாக்ஸில் கோளாறு வந்தால் நீங்களே சரிசெய்து தருவதாக பில்லில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். தன் வண்டியில் நம்பிக்கை உள்ளவர் எழுதித் தருவார்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. மாற்றும்போதே இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடந்தால், வண்டி அடிபடும்போது கிளெய்ம் சிக்கலாகும். அவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) உங்களுக்கு வராது. அதற்கான பிரீமியம் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். பட்ஜெட்டில் அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.