மழைக்காலத்தில் வாள் பழக இடம் – கடிதம்

வணக்கம்,

கிளாஸ்கோவில் மேற்படிப்பு படிக்கிறேன். ஹெமா எனப்படும் ஐரோப்பிய மரபு வாள்சண்டை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இதில் இறங்கினேன். நண்பர்கள் நாலைந்து பேர் கோடை முழுக்கப் பூங்காவில் லாங்ஸ்வோர்ட் (இரண்டு கையால் பிடிக்கும் நீள வாள்) பழகினோம். அக்டோபர் பிறந்ததிலிருந்து மழை விடவில்லை, புல்தரையெல்லாம் சேறு. என் அறையில் வாளை ஓங்கினாலே கூரையில் இடிக்கிறது. பக்கத்தில் ஒரு மாடிக் கார் பார்க்கிங் இருக்கிறது, ராத்திரியில் காலியாகக் கிடக்கும். அங்கே போகலாமா? வேறு வழி இருக்கிறதா?

க., கிளாஸ்கோ

அன்புள்ள க.,

கார் பார்க்கிங் வேண்டவே வேண்டாம். முதல் காரணம், அங்கே கூரை உங்கள் அறையைவிடத் தாழ்வாக இருக்கும். பெரும்பாலும் 2.1 மீட்டர்தான், வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். அடுத்து, முகமூடி மாட்டிய நாலு பேர் நள்ளிரவில் இரும்பு வாளோடு நிற்பதை சிசிடிவியில் பார்க்கும் காவலாளி என்ன செய்வார்? ஸ்காட்லாந்தில் பொது இடத்தில் கத்தியோ வாளோ வைத்திருந்தால் அதற்குத் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும் (1995ஆம் ஆண்டுச் சட்டம், 49ஆம் பிரிவு). மழுங்கின பயிற்சி வாள்தான் ஐயா என்று நீங்கள் விளக்கிச் சொல்லலாம், அவர்களும் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த ராத்திரி தேவையா? எங்கே போனாலும் வாள் மூடிய பைக்குள் இருக்கட்டும், வீட்டிலிருந்து நேரே பயிற்சி இடம், அங்கிருந்து நேரே வீடு.

சரி, ஹாலுக்கு வருவோம். கிளாஸ்கோவில் ஏற்கெனவே ஹெமா குழுக்கள் இருக்கின்றன, உங்கள் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு மன்றம் இருக்கும். முதலில் அந்த இரண்டு கதவுகளையும் தட்டுங்கள். தனியாகத்தான் நடத்துவோம் என்றால் தேவாலய ஹால், சாரணர் கூடம், பள்ளிக்கூட ஜிம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்களைப் பிடியுங்கள். பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுப்பதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் இல்லை, எந்த அலுவலகத்தில் யாரிடம் பேசவேண்டும் என்பதுவரை சொல்வார்கள். வார நாள் மாலைகளை ஜூம்பாவும் பேட்மின்டனும் எடுத்துக்கொண்டிருக்கும். வெள்ளி ராத்திரி, ஞாயிறு பிற்பகல் மாதிரி யாரும் சீந்தாத நேரங்களைக் கேளுங்கள்.

கேட்பதை மின்னஞ்சலில் கேட்காதீர்கள். ‘வாள்’ என்ற சொல்லைப் பார்த்ததும் முடியாது என்று ஒரு வரி பதில் வந்துவிடும். நேரில் போங்கள். ஹாலைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் பேசுங்கள், நிர்வாகக் குழு கடைசியில் அவர் பேச்சைத்தான் கேட்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு முகமூடியும் ஒரு ஃபெடரும் (நுனி மடித்த பயிற்சி வாள்) கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு உயிர் பயத்தைவிடத் தரை பயம்தான் அதிகம். மெருகு போட்ட மரத்தரையில் கீறல் விழுமா, ஷூ கறை பண்ணுமா, இதைத்தான் கேட்பார். கறை படியாத ஷூ, வாள் நுனிக்கு ரப்பர் உறை, காப்பீட்டுச் சான்றிதழ், முதலுதவி தெரிந்த ஓர் ஆள், இத்தனையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அண்ணாந்து பாருங்கள். ஐந்தே முக்கால் அடி ஆள் தலைக்கு மேல் வாளை ஓங்கி நின்றால் நுனி மூன்று மீட்டரைத் தொடும். இங்கே புது வீடுகளின் கூரை 2.4 மீட்டர், உங்கள் அறையில் இடிப்பதில் ஆச்சரியமில்லை. ஹாலில் கூரை உயரமாக இருந்தாலும் தொங்கும் விளக்கு, தீயணைப்புத் தெளிப்பான், கூடைப்பந்து வளையம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். தெளிப்பானை ஒருமுறை தட்டிவிட்டால் மழை உள்ளேயே பெய்யும்.

தாழ்ந்த கூரைதான் கிடைத்தது என்றால் விட்டுவிடாதீர்கள், ஆயுதத்தை மாற்றுங்கள். லாங்ஸ்வோர்ட் மட்டும்தான் ஹெமா என்று இளைஞர்கள் பிடிவாதம் பிடிப்பது எனக்குப் புரிவதேயில்லை. லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஐ.33 என்ற வாள்சண்டைச் சுவடி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தது, முழுக்க முழுக்க ஒற்றைக்கை வாளும் சிறு கேடயமும்தான். இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே 1410 வாக்கில் தொகுத்ததில் குறுவாளுக்கே பெரும் பகுதி போகிறது, அதற்கு உங்கள் அறையே போதும். ஜெர்மன் வாள் ஆசான் மேயரின் 1570ஆம் ஆண்டு நூலில் டுஸாக் என்ற குட்டைப் பயிற்சி ஆயுதத்துக்குத் தனிப் பகுதி உண்டு. லாங்ஸ்வோர்டையே விடமாட்டேன் என்றால் அலகை ஒரு கையால் பிடித்துச் செய்யும் அரைவாள் முறையைப் பழகலாம். அல்லது வாளோடு வாள் ஒட்டியபடி நின்று எதிராளியின் அழுத்தத்தை மணிக்கட்டில் உணர்ந்து திருப்பும் பயிற்சி. கோடையில் திறந்த வெளி கிடைத்ததும் எல்லாரும் ஓடி ஓடி வெட்டுவதில் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம், ஈரத்தில் நனைந்த வாளைப் பைக்குள் அப்படியே வைத்துவிட்டு வாரக்கடைசியில் எடுத்தால் துரு பிடித்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசிவிடுங்கள், வியர்வை பட்ட கைப்பிடிப் பக்கம் மறக்காமல்.

ஹால் கிடைக்காத வாரங்களுக்கும் உங்கள் ஊரிலேயே சரக்கு இருக்கிறது. கிரீனாக்கில் கப்பல் கட்டிய ஆர். எல். ஸ்காட் தன் ஆயுதங்களையும் வாள்சண்டை நூல்களையும் 1939இல் கிளாஸ்கோ நகருக்கு விட்டுப்போனார், 1508ஆம் ஆண்டு ஜெர்மன் சுவடி ஒன்றும் அதில் அடக்கம். அதன் படங்களைப் பார்த்து நாலு பேரும் உட்கார்ந்து விவாதிக்கலாம்.

ஹால் அமைந்ததும் கூரை உயரத்தை அளந்து எழுதுங்கள். அதை வைத்து எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.